மட்டம் தட்டுறது எப்டி?

வாடா பேராண்டி, குந்து. கையில இன்னா, பலகையா? காட்டு பாக்கலாம். ஓ, நம்ம வீட்டு வாசல்ல மாட்றதுக்கா? "எல்லையம்மன் துணை". பேஷ், பேஷ். நீயே வாங்கின சிஎன்சி மிஷின்ல நீயே கீறுனது. ரொம்ப சந்தோசம்.

ஆனா ஒண்ணு கேக்குறேன், கோச்சிக்காத. 'எல்லை' நல்லா கொழுகொழுன்னு கீது. 'அம்மன்' கொஞ்சம் எளைச்சிக் கீறா. 'துணை' எங்கடா? கண்ணாடி போட்டும் தெரியலயே. பூனை நகத்தால பிராண்டின மாதிரி ரெண்டு கோடு கீது, அதுவா? அம்மனை அழைச்சிக்கினு வந்துட்டு துணையை பாதி வழியில எறக்கி வுட்டுட்டியேடா!

மிஷினு ராங்கா? பிட்டு மொக்கையா? ரிச்சி தெருவுக்குப் போயி வித்தவன் சட்டையைப் புடிக்கப் போறியா? அடங்கு. பஸ்ஸு காசு மிச்சம் பண்ணு. மிஷினும் சரியாத்தான் கீது, பிட்டும் சரியாத்தான் கீது. தப்பு எங்க கீதுன்னா நீ குனிஞ்சி பாக்காத எடத்துல. உன் பலகைக்கு அடியில ஒரு பலகை கீதே, அதுல.

நீ மாட்டிக் கீறது 90 டிகிரி வி-பிட்டு. ஈட்டி முனை மாதிரி. ஆழமா எறங்குனா கோடு அகலம், மேலாக்கப் போனா கோடு ஒல்லி. 90 டிகிரிக்கு கணக்கு ரொம்ப சுலுவு, எனக்கே வரும். 1 மில்லி எறங்குனா கோடு 2 மில்லி அகலம். 0.2 மில்லி எறங்குனா 0.4 மில்லி. இந்த இடது கைப் பக்கம் 1 மில்லி எறங்கிச்சி, 'எல்லை' கொழுத்துப் போச்சி. வலது கைப் பக்கம் அடிப்பலகை 0.8 மில்லி பள்ளம். பிட்டு அதே ஒசரத்துலதான் போச்சி, பலகைதான் கீழ குந்திக்கிச்சி. மிச்சம் கீறது 0.2 மில்லி. அப்பால துணை எங்கேந்து வரும்?

0.8 மில்லின்னா எவ்ளோன்னு தெரியுமா? எங்க கணக்குல ஒரு இன்ச்சுக்கு 8 நூலு. ஒரு நூலு 3 மில்லிக்குக் கொஞ்சம் மேல வரும். கால் நூலுடா ராசா! கால் நூலு பள்ளத்துல அம்மனோட துணையே முழுகிப் போச்சி. கடல்ல பொழைக்கிறவன் வீட்டு வாசல்ல இப்படி ஒரு போர்டு மாட்டினா, நம்ம கூட்டாளி பசங்க பாத்துட்டு இன்னா சொல்லுவான்னு யோசிச்சிப் பாத்தியா?

சரி, மூஞ்சைத் தொங்க வுடாத. ஆயா டீ போடுறா. அது வர்றதுக்குள்ள மட்டம் தட்டுறது எப்டின்னு சொல்லித் தரேன். அந்த வேலையில எனக்கு அறுபது வருஷ அனுபவம். உங்க அப்பனைக் கேளு, எத்தினி வாட்டி தட்டியிருக்கேன்னு சொல்லுவான்.

மொதல்ல அந்த அடிப்பலகைக்கு நீ வெச்ச பேரே எனக்குப் புடிக்கல. வேஸ்ட்போர்டாமே! மீன் மார்க்கெட்ல உங்க ஆயா வெச்சிருந்தாளே புளியங்கட்டை, அத்த யாராவது வேஸ்ட் கட்டைன்னு சொன்னா வுட்டிருப்பாளா? கத்தி மீனைத் தாண்டி எறங்கும்போது எதுலயாவது எறங்கியே ஆவணும். கல்லுல எறங்குனா கத்தி போச்சி. தொடையில எறங்குனா ஆளே போச்சி. கட்டையில எறங்குனா ரெண்டும் பொழைச்சிது. உன் பலகையும் அதேதான். பிட்டு வேலைப்பலகையைத் தாண்டி எறங்குனா அடியில அலுமினியம் கீது, அதுல மோதாம இருக்க இது குறுக்க படுத்துக் கீது. ஊர் வெட்டையெல்லாம் தன் முதுகுல வாங்கிக்கிற பலகைக்கு வேஸ்ட்னு பேரு. ஊர்ல வேலை செய்யறவனுக்கு இன்னா மருவாதி கீதுன்னு இதுலயே தெரியுது.

அந்தப் புளியங்கட்டை ஆறு மாசத்துல நடுவுல குழிஞ்சி கிண்ணம் மாதிரி ஆயிடும். அப்பால மீன் துண்டு சரியா விழாது, தோல் அறுபடாம தொங்கும். வாங்க வந்தவன் மூஞ்சைச் சுளிப்பான். ஆயா இன்னா பண்ணுவா? கட்டையைத் தூக்கி எறிவாளா? என்னியக் கூப்புட்டு இழைச்சிக் குடுன்னுவா. ரெண்டு நூல் சீவிட்டா கட்டை புதுசு. உன் பலகையும் சீவுறதுக்குன்னே பொறந்தது. சீவிச் சீவி தேஞ்சி, கடைசியில மெல்லிசா ஆனதும் மாத்திட்டு வேற போடணும். அதுதான் அதோட சாவு. கௌரவமான சாவு.

இப்ப நேத்து சாயங்காலக் கதைக்கு வரேன். நீ பண்ண கூத்தை நான் திண்ணையில படுத்துக்கினு ஒத்தைக் கண்ணால பாத்துக்கினுதான் இருந்தேன். கொத்தனார் வெச்சிருக்கிற ரசமட்டத்தை இஸ்துக்கினு வந்த. பலகை மேல வெச்ச. குமிழி ஒரு பக்கம் ஓடிச்சி. மிஷின் காலுக்கு அடியில கல்யாணப் பத்திரிகையை மடிச்சிச் சொருவுன. குமிழி நடுவுல வந்திச்சி. நீ கையைத் தட்டிக்கின. அப்பால போர்டு கீறுன. துணை காணோம்.

ஏண்டா, நீ மீனவன் வூட்டுப் புள்ளைதானே? படகுல போய் ரசமட்டத்தை வெச்சிப் பாரு. குமிழி சாமி வந்தவ மாதிரி ஆடும். அதுக்காக படகு கோணலா? கோணல் படகு கட்டினவன் எவனாச்சும் கடலுக்குப் போயி திரும்பி வந்திருப்பானா? மணல்ல சாஞ்சி கெடக்குற படகுல நாங்க வேலை பாக்கும்போது ரசமட்டத்தை நம்ப மாட்டோம். அணியத்துலேர்ந்து பின்னாடி வரைக்கும் ஒரு நூலை இஸ்துக் கட்டுவோம். அந்த நூலுக்கு இந்தப் பக்கம் எவ்ளோ, அந்தப் பக்கம் எவ்ளோன்னு அளப்போம். படகுக்கு மட்டம் பூமி இல்ல, அந்த நூலு. பூமி எப்டி வேணா சாயட்டும், நூலுக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணா இருந்தா படகு நேரு.

உன் மிஷினுக்கும் அப்டித்தான். அதுக்கு பூமி எங்க கீது, வானம் எங்க கீதுன்னு எதுவும் தெரியாது. அதுக்குத் தெரிஞ்சது ரெண்டு தண்டவாளம். அந்தத் தண்டவாளத்துல பிட்டைச் சுத்துற ஸ்பிண்டில் போவுது, வருது. ஸ்பிண்டில் போற பாதைக்கும் பலகைக்கும் நடுவுல கீற எடைவெளி நாலு மூலையிலயும் ஒண்ணா கீதா? அதான் கேள்வி. ஒண்ணா இருந்தா மிஷினைத் தூக்கி கூரை மேல சாய்ச்சி வெச்சிக் கீறு, துணை அழகா வரும். ஒண்ணா இல்லன்னா ரசமட்டம் இல்ல, ரயில்வே மட்டம் வெச்சாலும் வராது. மட்டம்னா யாருக்கு மட்டம்னு மொதல்ல கேக்கணும்டா. ஊர்ல ஒர்த்தன் இன்னொர்த்தனை மட்டம்னு சொன்னாலும் அதையேதான் கேக்கணும்.

அப்போ அந்த எடைவெளியை எப்டி ஒண்ணாக்குறது? பத்திரிகை சொருவியா? இன்னிக்கி சொருவுன பத்திரிகை நாளைக்கி அமுங்கும், நாளன்னிக்கி ஈரம் குடிச்சி ஊதும். அத்த வுடு. படுக்குறவனே பாயை விரிக்கட்டும். மிஷினோட பலகையை மிஷினே சீவட்டும். அது எந்தப் பாதையில போவுதோ அதே பாதையில பலகை முழுக்கப் போயி தேச்சி எடுத்துட்டா, அப்பால பலகைக்கும் பாதைக்கும் சண்டையே கெடையாது. புருசன் பொஞ்சாதி மாதிரி ஒரே கோணல், ஒரே நேரு.

இன்னாடா முழிக்கிற? தாத்தா, ஆட்டோ லெவலிங்னு ஒண்ணு கீது, ப்ரோபு வெச்சி மேடு பள்ளத்தை அளந்து, பிட்டு அதுக்கேத்த மாதிரி ஏறி எறங்கும்ன்றியா? தெரியும், தெரியும். செப்புத் தகடு ஒட்டின அட்டையில கோடு கிழிக்கிறவங்களுக்கு அது நல்லது. அந்தத் தகடே சாதாரணமா 35 மைக்ரான்தான், அவன் பாடு அப்டி. ஆனா நம்ம மெயின் ரோட்ல கண்டெய்னர் லாரி ஓட்றவன் கூடத்தான் குழியெல்லாம் மனப்பாடமா வெச்சிக்கினு வளைச்சி வளைச்சி ஓட்றான். அதுக்காக ரோடு நல்லா கீதுன்னு அர்த்தமா? குழியை ஞாபகம் வெச்சிக்கிறது கெட்டிக்காரத்தனம். குழியை மூடுறது வேலை. நீ மொதல்ல வேலையைப் பாரு.

இப்ப காதைக் குடு.

மொதல் காரியம், ஸ்க்ரூ. பலகையை நீ எத்தால புடிச்சி வெச்சிருக்க? இரும்பு ஸ்க்ரூ. அதோட தலை எங்க கீது? பலகைக்கு மேல மொட்டு மாதிரி எட்டிப் பாக்குது. பிட்டு அது மேல போனா இன்னா ஆவும்? தீவாளிக்கு முன்னாடியே தீவாளி. பிட்டு ஒரு பக்கம், பொறி ஒரு பக்கம், நீ ஒரு பக்கம். ஸ்க்ரூ தலை நல்லா உள்ள எறங்குற மாதிரி குழி தோண்டு. இன்னிக்கி சீவுறதுக்கு மட்டும் இல்ல, இன்னும் நாலு வாட்டி சீவினாலும் எட்டாத ஆழத்துக்குத் தோண்டு. பித்தளை ஸ்க்ரூ, இல்லன்னா நைலான் ஸ்க்ரூ போட்டியானா இன்னும் நல்லது. மறந்து போயி மோதினாலும் பித்தளை கொஞ்சம் மன்னிக்கும், இரும்பு மன்னிக்காது. உங்க ஆயா மாதிரி.

ரெண்டாவது, பலகையோட ஓரம். உன் பிட்டு கடைசி எல்லை வரைக்கும் போயி நின்னுடும். அதுக்கு அப்பால கீற ஓரத்தை அதால தொட முடியாது. சுத்தி ஒரு வரப்பு நின்னுடும். நடுவுல சீவுன வயலு, சுத்தி வரப்பு. அப்பால பெரிய பலகை ஒண்ணு தூக்கி வெச்சா அது வரப்பு மேல குந்தும், நடுவுல தொப்பையா தொங்கும், மத்தளம் மாதிரி டொம்முன்னும். அதனால பலகையை பிட்டு போற எடத்தை வுட கொஞ்சம் சின்னதா அறுத்துப் போடு. பிட்டு நாலு பக்கமும் கரை தாண்டி வெளிய போயி திரும்பணும். அலை கரை ஏறித் திரும்புற மாதிரி.

மூணாவதுதான் முக்கியம். பென்சில் எடு. பலகை முழுக்க கோலம் போடு. சிரிக்காத, நெசமாத்தான் சொல்றேன். புள்ளி வெச்சி போடுவியோ, சிக்குக் கோலம் போடுவியோ, கோழி கிளறுன மாதிரி கிறுக்குவியோ, உன் இஷ்டம். ஒரு மூலை வுடாம போடு. மார்கழி மாசம் வாசல்ல பொண்ணுங்க கோலம் போட்டு நீ சைக்கிள்ல மேல ஏத்திக்கினு போவியே, அந்தப் பாவத்துக்குப் பரிகாரமா நெனச்சிக்க. வாசக் கோலம் அழியக் கூடாது. இந்தக் கோலம் முழுசா அழியணும். பிட்டு போன எடத்துல கோலம் அழியும், பள்ளமான எடத்துல அப்டியே நிக்கும். நின்ன கோலம்தான் உன் பள்ளம். ரசமட்டம் சொல்லாத சேதியை ரெண்டு ரூபா பென்சில் சொல்லும்.

நாலாவது, ஜீரோ. இங்கதான் எல்லாப் பயலும் கவுந்து போவான். பிட்டோட மூக்கு பலகையில படுற எடத்தை ஜீரோன்னு சொல்லிக் குடுக்குறியே, அத்த எந்த எடத்துல வெச்சிக் குடுக்குற? கைக்கு எட்டின மூலையில. அந்த மூலை பள்ளமா இருந்தா? நீ கால் மில்லி எறங்குன்னுவ, பிட்டு மேட்டுக்கு வந்ததும் ஒரு மில்லிக்கு மேல உள்ள பூந்துடும். மோட்டார் முக்கும், பலகை கருகும், வூடு முழுக்க ஹோமப் பொகை. அதனால மொதல்ல நாலு மூலை, நடுவுல ஒண்ணு, அஞ்சி எடத்துல மூக்கை எறக்கி ஒரு காகிதத்தை வெச்சி இஸ்துப் பாரு. காகிதம் எங்க மொதல்ல மாட்டுதோ அதான் ஊர்லயே ஒசந்த மேடு. ஜீரோ அங்க. ஊர்ப் பெரிய மனுசன் தலையைத் தட்ட ஆரம்பிச்சா மிச்ச பேரு தானா அடங்குவான்.

அஞ்சாவது, பொறுமை. அதான் உன் கிட்ட கெடையாதே. எவனோ வீடியோவுல 25 மில்லி அகல கட்டரை மாட்டி பலகையை வெண்ணெய் மாதிரி சீவுறான்னு காட்டுற. அவன் மிஷின் எம்மாம் பெருசு, உன்னுது எம்மாம் பெருசு? உன்னுது 3018. அதாவது 300 மில்லிக்கு 180 மில்லி. ஒரு சாப்பாட்டு எலை கூட விரிக்க முடியாது. அதுல கீற மோட்டார் கொசு. கொசு மேல அம்பாரி வெக்கலாமா? 6 மில்லி பிட்டு போடு. ஒரு வாட்டிக்கு 0.2 மில்லி ஆழம் போதும். போன வழி மேல பாதிக்கும் மேல ஏறிக்கினே அடுத்த வழி போவணும், அதாவது 2.4 மில்லிதான் நகரணும். இப்ப கணக்குப் போடு. 180 மில்லியை 2.4 மில்லியா வகுத்தா 75 வழி. ஒரு வழி 300 மில்லி. மொத்தம் 22.5 மீட்டர். நிமிசத்துக்கு 500 மில்லி வேகத்துல வுட்டா 45 நிமிசம். ஒரு சுத்துக்கு. உன் பள்ளம் 0.8 மில்லி, அப்போ நாலு சுத்து. மூணு மணி நேரம்!

ஆங், இப்ப மூஞ்சி போற போக்கைப் பாரு. மூணு மணி நேரமான்ற. ஏண்டா, மீன் பாட்டுக்குப் போறவன் நடுராத்திரி எழுந்து போயி, வலை வுட்டு, வலை இஸ்து, விடிஞ்சி வந்தா நாலு சங்கரா கீது, அவன் வாயைத் தொறக்குறானா? நீ நாற்காலியில குந்திக்கினு மிஷின் வேலை செய்யறதைப் பாக்கணும், அதுக்கே வலிக்குதா? அந்த மூணு மணி நேரமும் பக்கத்துலயே இரு, மிஷினைத் தனியா வுட்டுட்டு டீக்கடைக்கு ஓடாத. மூக்கு வாய் மூடிக்க. உன் அடிப்பலகை எம்டிஎஃப். எம்டிஎஃப்னா இன்னா, மரத்தை நாராக் கிழிச்சி பசை ஊத்தி அமுக்குனது. பெரும்பாலும் யூரியா ஃபார்மால்டிஹைடு பசை. மரத்தூளையும் சரி, ஃபார்மால்டிஹைடையும் சரி, புத்துநோய் வரவழைக்கிற சாமான் லிஸ்ட்ல உலக சுகாதார ஆளுங்களோட ஆராய்ச்சிக் கூடம் எப்பவோ சேத்துட்டான். இந்தத் தூளு மாவு மாதிரி நைஸா பறக்கும். நம்ம ஊரு காத்துல ஏற்கெனவே கீறது பத்தாதா, நீ வேற வூட்டுக்குள்ள தயார் பண்ணணுமா? வாசல்ல வெச்சி சீவு, நல்ல மாஸ்க்கு போடு, வாக்குவம் இருந்தா வெச்சி இஸ்து. உங்க ஆயா கருவாடு காய வெச்சிருக்கிற பக்கம் மட்டும் போவாத. அந்த வழக்குக்கு நான் சாட்சி சொல்ல வரமாட்டேன்.

சீவி முடிச்சியா? இப்ப கண்ணை மூடிக்கினு நகத்தால தடவு. வழிக்கு வழி சின்னப் படிக்கட்டு மாதிரி நெருடுதா? அப்போ ஸ்பிண்டிலே நேரா நிக்கல, குடிகாரன் மாதிரி ஒரு பக்கம் சாஞ்சிக் கீது. சாஞ்ச பிட்டோட ஒரு ஓரம் ஆழமா போவும், இன்னொரு ஓரம் தூக்கிக்கினு நிக்கும், அதான் படி. பட்டறைக்காரங்க டயல் கேஜ் வெச்சிப் பாப்பாங்க. உனக்கு ஒரு வளைஞ்ச கம்பி போதும். கரண்டைப் புடுங்கிட்டு, கம்பியை பிட்டு புடிக்கிற கலெட்ல மாட்டி, சீவுன பலகை மேல ஒரு கண்ணாடித் துண்டு வெச்சி, கையாலயே மெதுவா சுத்திப் பாரு. கம்பி முனை நாலு திக்குலயும் கண்ணாடியை ஒரே மாதிரி தொடணும். ஒரு பக்கம் உரசி ஒரு பக்கம் தூக்குனா ஸ்பிண்டில் பட்டையோட ஸ்க்ரூவைத் தளத்தி, ஸ்பிண்டில் தலை தூக்குன பக்கம் சாயற மாதிரி ஒரு சில்லு சொருவு. கூல்ட்ரிங்ஸ் டின் கீதே, அத்த கத்திரிச்சா கிட்டத்தட்ட 0.1 மில்லி தகடு. காசு குடுத்து வாங்குனா ஷிம்மு, குப்பையில எடுத்தா டின்னு. நிமித்துனதுக்கு அப்பால மறுபடி கோலம் போட்டு, மறுபடி மெல்லிசா ஒரு சுத்து. இதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல. மொத வாட்டி சீவுறது மிஷினுக்கு பலகையை அறிமுகம் பண்றதுக்கு. ரெண்டாவது வாட்டிதான் கல்யாணம்.

டீ வந்துடிச்சி. குடி. குடிச்சிக்கினே ஒரு கதை கேளு.

நான் கடல்ல மட்டுமே இருந்தவன்னு நெனைக்காத. மீனு படாத காலத்துல திருவொத்தியூர் பக்கம் ஒரு பட்டறையில கொஞ்ச வருஷம் கெடந்தேன். அங்க ஒரு இரும்புத் தட்டு இருந்திச்சி, சர்ஃபேஸ் பிளேட்டுன்னு பேரு. அது மேல டீ கிளாஸ் வெச்சேன்னு மேஸ்திரி என்னிய ஓங்கி ஒண்ணு வுட்டாரு. அன்னிக்கித்தான் அது சாதா தட்டு இல்லன்னு தெரிஞ்சிது. நீலச் சாயம் தடவி, வேலையை அது மேல வெச்சித் தேச்சி, நீலம் ஒட்டின மேட்டை மட்டும் சுரண்டுவாங்க. தேய், சுரண்டு. தேய், சுரண்டு. நீ கோலம் போட்டது மாதிரிதான், ஆனா நாள் கணக்கா.

நான் கேட்டேன், மேஸ்திரி, எல்லாத்தையும் இந்தத் தட்டு வெச்சி சரி பண்றீங்க, இந்தத் தட்டை எது வெச்சி சரி பண்ணாங்கன்னு. மேஸ்திரி சிரிச்சாரு. இங்கிலீஷ்காரன் ஒர்த்தன், விட்வொர்த்துன்னு பேரு. பி.எஸ்.டபிள்யூ மரைன்னு சொல்றாங்களே, அதுல கீற டபிள்யூ அந்தாளுதான். 1840-ல கிளாஸ்கோவுல ஒரு கூட்டத்துல எழுந்து சொன்னான். ரெண்டு தட்டை ஒண்ணோட ஒண்ணு தேச்சா ரெண்டும் நல்லா ஒட்டிக்கும், ஆனா நேரா இருக்கும்னு சொல்ல முடியாது. ஒண்ணு கிண்ணமாவும் ஒண்ணு முட்டையாவும் ஆயிட்டு, ரெண்டும் ஜோடியா ஒட்டிக்கினு நம்மள ஏமாத்தும். மூணாவதா ஒரு தட்டு கொண்டா. ஒண்ணை ரெண்டோட தேய், ரெண்டை மூணோட தேய், மூணை ஒண்ணோட தேய். மூணும் மாத்தி மாத்தி ஒட்டணும்னா மூணும் நேரா ஆவறதைத் தவிர வேற வழியே கெடையாது.

இதுல புரியுதா? நம்ம குப்பத்துப் பஞ்சாயத்தும் இதேதான். ரெண்டு பேரு ஒத்துப் போயிட்டான்னா நெசம்னு அர்த்தம் இல்ல. ரெண்டு பேரும் சேந்து டபாய்க்கலாம். மூணாவது ஆளு குந்தினாத்தான் வெளிய வரும். உன் மிஷினும் உன் பலகையும் இப்ப ஒத்துப் போயிடிச்சி. போர்டு கீற அது போதும். ஆனா மிஷினோட தண்டவாளமே நடுவுல தொங்கிப் போயிருந்தா, பலகையும் அதோட சேந்து தொங்கிக்கினு, ரெண்டும் உன்னியப் பாத்து நாங்க ரெண்டு பேரும் நேருதான்னு சத்தியம் பண்ணும். அதனால மூணாவது ஆளா ஒரு நல்ல ஸ்டீல் ஸ்கேலை குறுக்க நிறுத்தி, பின்னாடி டார்ச் அடிச்சிப் பாரு. அடியில வெளிச்சம் கசியற எடம் பொய் சொல்ற எடம்.

நீ சொல்லுவியே, உன் மிஷினோட வம்சத்துக்குத் தாத்தா 1952-ல அமெரிக்காவுல எம்ஐடியில ஓட்டை போட்ட நாடா படிச்சி தானா ஓடிச்சின்னு. பார்சன்ஸ்னு ஒர்த்தன் ஹெலிகாப்டர் றெக்கை செய்யப் போயி யோசிச்சானாமே. அப்பால 2009-ல நார்வேக்காரன் ஒர்த்தன் கிரிபில்னு ஒரு புரோகிராம் எழுதி இனாமா வுட்டான், அதுதான் உன் மிஷினுக்கு மூளைன்னு. எல்லாம் சரி. மூளை இனாமா வந்திச்சி. மட்டம் இனாமா வந்துதா? அது எந்தப் பார்சல்லயும் வராதுடா. வாங்கின ஒவ்வொர்த்தனும் அவனவன் வூட்ல, அவனவன் மிஷின்ல, அவனவனே தேச்சி எடுக்கணும். உன் பலகையைக் கழட்டி அடுத்தவன் மிஷின்ல மாட்டினா அங்க அது மட்டம் இல்ல. கழட்டி உன் மிஷின்லயே திருப்பி மாட்டினா கூட சந்தேகம்தான்.

இன்னொண்ணு. ஒரு வாட்டி சீவிட்டேன், ஆயுசுக்கும் ஆச்சின்னு நெனைக்காத. நாம எங்க கீறோம்? நெட்டுக்குப்பம். இந்தப் பக்கம் கடலு, அந்தப் பக்கம் ஆறு. காத்துலயே தண்ணி. கட்டுமரம் ஓட்டுன காலத்துல கரைக்கு வந்ததும் கயித்தை அவுத்து மரத்தைத் தனித்தனியா மணல்ல காய வைப்போம். ஏன்? மரம் தண்ணி குடிச்சா கனக்கும். கெட்டி மரத்துக்கே அந்த கதி. எம்டிஎஃப் பெரிய குடிகாரன். அதோட மேல்தோலு கொஞ்சம் கெட்டி, உள்ள பஞ்சு. நீ சீவும்போது அந்தத் தோலைத்தான் எடுத்துட்ட. இப்ப வாயைத் தொறந்துக்கினு படுத்துக் கீது. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலப்ப தண்ணியும் எண்ணெயுமா குப்பத்துக்குள்ள வந்துதே, மூலையில சாத்தி வெச்சிருந்தியே ஒரு பலகை, அது இன்னா ஆச்சி? டீயில முக்கின பிஸ்கோத்து மாதிரி ஊதி, தொட்டா உதுந்திச்சி. அதனால மாட்றதுக்கு முன்னாடியே அடிப்பக்கத்துக்கும் ஓரத்துக்கும் நல்லா வார்னிஷ் அடி. சீவுனதுக்கு அப்பால மேலயும் மெல்லிசா ஒண்ணு அடி. அடிச்சாலும் ஐப்பசி, கார்த்திகை மழை போனதும் மறுபடி கோலம் போட்டுப் பாரு. வருசா வருசம் பொங்கலுக்கு வூட்டுக்கு வெள்ளை அடிக்கிறோமே, அத்தோட சேத்து பலகைக்கும் ஒரு சீவல்.

போயி வேலையைப் பாருன்னு சொல்றதுக்கு முன்னாடி ஒண்ணு. தாத்தா மட்டம் மட்டம்னு சொன்னாரேன்னு கண்டதையும் மட்டமாக்கிடாத. அதோ ஆறு தெரியுதே, நான் உன் வயசுல அதுல முழுகி அடி மண்ணை அள்ளிக்கினு வந்து காட்டுவேன், மூச்சு முட்டிப் போவும். இப்ப சில எடத்துல முட்டி அளவு தண்ணி. சாம்பல் கலந்த தண்ணி கொண்டு போற குழாயி ஒழுகி ஒழுகி, சேறு படிஞ்சி படிஞ்சி, ஆத்தோட அடியையே மேடாக்கி மட்டமாக்கி வெச்சிட்டாங்க. கோலம் போடல, ஜீரோ பாக்கல, ஆனா நல்ல மட்டம். எறா எங்க போய் ஒளியும், மீனு எங்க போய் முட்டை வுடும்? ஆழம் இருந்தாத்தான் ஆறு. உன் எழுத்தும் அப்டித்தானே? ஆழம் இருந்தாத்தான் எழுத்து, ஆழம் போச்சின்னா பிராண்டல். அடிப்பலகையை மட்டம் பண்ணச் சொன்னதே மேல கீறுற ஆழம் கடைசி வரைக்கும் ஒண்ணா இருக்கட்டும்னுதான். எத்த மட்டமாக்கணும், எத்த ஆழமா வுடணும்னு தெரிஞ்சவன் மேஸ்திரி. தெரியாதவன் மிஷினு.

கெளம்பு. மூணு மணி நேரம். நான் இங்கயேதான் கீறேன்.

...

வா. இன்னா, மூஞ்சில மாவு பூசிக்கினு வர? மாஸ்க்கு போட்டியா? கண்ணுக்கு மட்டும் போடலியாக்கும். காட்டு போர்டை. அட! 'எல்லை' அளவா கீது. 'அம்மன்' தெம்பா கீறா. 'துணை'... கைய வெச்சாலே தட்டுப்படுது. ஒரே ஆழம், ஒரே அகலம். சபாஷ்டா என் சிங்கம். மாட்டு வாசல்ல.

ஏய், ஏய், நில்லு. கோணலா மாட்டுறியேடா. கண்ணாலயே தெரியுது, அம்மன் சரிஞ்சி துணை மேல வுழறா. நேத்து வெச்சியே ரசமட்டம், அது எங்க? எடு. இப்பதான்டா அதுக்கு வேலை. செவுரு பூமியில நிக்குது, அங்க பூமிதான் மட்டம். அப்டி, கொஞ்சம் எடது பக்கம் தூக்கு. குமிழி நடுவுல வந்துதா? அடி ஆணியை.

அந்தப் பழைய போர்டை அடுப்புல போடாத, பசை எரிஞ்சி நாறும். என் கட்டிலுக்கு மேல மாட்டு. "எல்லையம்மன்" மட்டும் போதும் எனக்கு. உங்க ஆயா வந்து பாத்துட்டு, துணை எங்கய்யான்னு கேப்பா. மிஷினு கீறாத துணைதான் வூட்ல கீதேம்மான்னு சொல்லுவேன். இன்னிக்கி ராத்திரி எனக்கு ரெண்டு துண்டு வஞ்சிரம் கூட வுழும். எல்லாம் உன் கால் நூலு பள்ளத்தோட புண்ணியம்டா பேராண்டி.